கடைசித் தவணை வராமல் சோர்ஸ் கோடைக் கொடுக்கலாமா?

கேள்வி: தனியாக புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். வேலை முடிந்துவிட்டது, கடைசித் தவணை பாக்கி. நடுவில் இருக்கும் ஏஜென்ட், "முதலில் சோர்ஸ் கோடை (புரோகிராமின் மூல வரிகளை) அனுப்புங்கள், பணம் வந்துவிடும்" என்கிறார். கொடுத்தால் பணம் போய்விடுமோ, மறுத்தால் கிளையன்ட் போய்விடுவாரோ?

பதில்: அந்த ஏஜென்ட்டிடம் ஒரு ஃபைலைக்கூட அனுப்பாதீர்கள். கிளையன்ட் முழுப் பணத்தையும் எப்போதோ கொடுத்திருக்கலாம்; ஏஜென்ட் உங்களிடம் "இன்னும் வரவில்லை" என்றும் அவரிடம் "கோட் தர மறுக்கிறார்" என்றும் சொல்லிக்கொண்டிருக்கலாம். டொமைனையும் (வலைத்தள முகவரி) ஹோஸ்டிங்கையும் (தளம் இயங்கும் சர்வர் இடம்) தன் பெயரிலேயே வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆட்டிவைப்பவர்களும் உண்டு. கிளையன்ட்டையும் சேர்த்து ஒரே மெயிலில் பேசுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பணத்துக்கு முன்பே கோட் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தந்துதான் ஆக வேண்டும். இல்லையென்றால், உங்கள் சர்வரில் முழுவதையும் ஓட்டிக் காட்டுங்கள், கிளையன்ட் ஆற அமரச் சோதிக்கட்டும், பணம் வந்ததும் ஒப்படையுங்கள். பணம் வராவிட்டால் தானாக நின்றுபோகும்படி கோடுக்குள் எதையாவது ஒளித்து வைக்கலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம், பல நாடுகளில் அது குற்றவழக்குவரை போகும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம்: நீங்கள் பழைய வேலைகளிலிருந்து கொண்டுவந்த சொந்த லைப்ரரி. லாகின், பில் அச்சிடுவது மாதிரி எங்கும் பயன்படுத்தும் பகுதிகள். "எல்லா கோடும் கிளையன்ட்டுக்கே சொந்தம்" என்ற வரியில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும், அடுத்த கிளையன்ட்டுக்கு உங்கள் கோடையே நீங்கள் தர முடியாது. அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் கிளையன்ட்டுக்கு, உரிமையாளர் நானே என்று தனியாக எழுதி வாங்குங்கள். எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை பதிப்புரிமை (காப்பிரைட்) எழுதியவருக்கே என்பதுதான் பல நாடுகளில் சட்டம். ஆனால் சின்னத் தொகைக்கு வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸ் அதைவிடப் பெரிதாக இருக்கும், இந்த லட்சணத்தில் உரிமை இருந்து என்ன!

ஒப்படைக்கும்போது வெறும் ஜிப் ஃபைலை அனுப்பாமல், கமிட் வரலாற்றோடு (ஒவ்வொரு முறை சேமித்த மாற்றங்களின் பதிவு) ரெப்போவையே (கோட் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) கிளையன்ட்டின் கணக்குக்கு மாற்றுங்கள். என்றைக்கு எதை எழுதினீர்கள் என்று அவரே பார்க்கலாம், நம்பிக்கை அதில்தான் வளரும். அதற்கு முன் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) எதையாவது கோடில் வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். இப்போது அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும், அதனால் அந்தக் கீயையே ரத்து செய்து புதிதாக எடுங்கள். கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பில் தனிநபர் கணக்குக்கு மாற்றினால் அவருக்கு ஒரு மெயில் போகும், ஒரு நாளுக்குள் அவர் ஏற்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி அனுப்ப வேண்டும். முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள், ஏஜென்ட்டுக்கு அல்ல, கிளையன்ட்டுக்கே.