கலிஃபோர்னியாவில் 2018-இல் மாநில செனட்டுக்கு (மாநில சட்டமன்றத்தின் மேலவைக்கு) வாக்களித்த எனக்கு, 2022 வாக்குச்சீட்டில் அந்தப் போட்டி ஏன் இல்லை?

அது அச்சுப்பிழையாக இருக்க வாய்ப்பில்லை. வீடு மாறாமலேயே நீங்கள் இரட்டை எண் தொகுதியிலிருந்து ஒற்றை எண் தொகுதிக்கு நகர்த்தப்பட்டிருப்பீர்கள்.

கலிஃபோர்னியா செனட்டின் 40 இடங்களில் இரட்டை எண் தொகுதிகளுக்கு 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலும், ஒற்றை எண் தொகுதிகளுக்கு 2020, 2024 ஆகிய ஆண்டுகளிலும் தேர்தல் நடந்தது. 2021 டிசம்பரில் தொகுதி எல்லைகளை வரையறுக்கும் குடிமக்கள் மறுவரையறை ஆணையம் அவற்றை மாற்றி வரைந்ததால், 2018-இல் வாக்களித்த உங்களைப் போன்ற சிலர், நான்கு ஆண்டுகளுக்குப் பதிலாக ஆறு ஆண்டுகள், அதாவது 2024 வரை, காத்திருக்க நேர்ந்தது. இது நியாயமில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சட்டப்படி சரியே.

உங்கள் முகவரிக்கான இப்போதைய மாநில செனட் தொகுதி எண்ணைக் கண்டறிந்து, அதை 2018-ஆம் ஆண்டின் மாதிரி வாக்குச்சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு எண்களுமே இரட்டையாக இருந்தால் என் விளக்கம் பொருந்தாது. அப்போது மாவட்டத் தேர்தல் அலுவலகத்தைக் கேட்பதே முறை. 2022 நவம்பர் சீட்டில் இருமுறை இடம்பெற்ற 'செனட்' போட்டி வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டுக்கானது. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.