ரீஃப் தொட்டியின் சம்புக்கு எத்தனை லீற்றர் பம்ப் வாங்கலாம்? பெரிசா வாங்கினால் பிரச்சினை இல்லைத்தானே?

பிரச்சினை இருக்கிறது. கடல்மீனும் பவளமும் வளர்க்கிற நாலடித் தொட்டி, கீழே சம்ப் (மேலே இருந்து வழிகிற தண்ணீரைப் பிடித்துச் சுத்தம் செய்கிற இரண்டாவது தொட்டி), கடைக்காரர் 5000 லீற்றர் பம்பைத்தான் எடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஸ்டாண்டும் என்னுடையதைப் போல மூன்றடி உயரம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சின்னப் பம்பிலும் மூக்குடைபட்டவன், பெரிய பம்பிலும் மூக்குடைபட்டவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

வீடு திருகோணமலை, டச்சுக்குடாக் கடற்கரையில் இருந்து இரண்டு தெரு உள்ளே. நான் சம்ப் கட்டிக்கொண்டிருந்த நேரம் கனடாவில் இருந்து மாமா கோயில் திருவிழாவுக்கு வந்தார். சூட்கேசில், சேட்டுகளுக்கு நடுவே சுற்றி, ஒரு பம்ப். "இங்க விக்கிறதெல்லாம் ரெண்டு மாசம் நிக்காது மருமகன், இது ஒரிஜினல்" என்று கையில் தந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பெட்டியில் மணிக்கு 700 கலன், 8 அடி தூக்கும் என்று இருந்தது. அமெரிக்கக் கலன் ஒன்று 3.785 லீற்றர், ஆக ஏறக்குறைய 2650 லீற்றர். என் தொட்டி 120க்கு 45க்கு 45 சென்றிமீற்றர், நிரப்பினால் 243 லீற்றர். பத்து மடங்குக்கு மேல் சுற்றும் என்று துள்ளினேன். 120 வோல்ற் பம்ப் என்பதால் ஒரு ஸ்டெப் டவுன் மின்மாற்றியும் வாங்கினேன். அதன் மரையும் நம்மூர் பிவிசி மரையும் ஒத்துவரவில்லை. டெஃப்லோன் நாடாவை அரைச் சுருள் சுற்றி, அரை இஞ்சிக் குழாயில் நாலு எல்போ (வளைவு மூட்டு) போட்டு ஏற்றினேன். ஓடியது. மாமா திரும்பிப் போகிறவரை எல்லாம் சந்தோசம்.

ஒரு மாதத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் பிடித்தது. பக்கத்து அறையில் அம்மா காட்டுகிற சாம்பிராணித் தூள் அதில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும், சம்புக்கு வழிந்து போகாது. அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரைக் குறை சொன்னேன், உப்பைக் குறை சொன்னேன், சாம்பிராணியையும் விடவில்லை. கடைசியில் ஒருநாள் மேலே வருகிற குழாயைத் திருப்பிப் பத்து லீற்றர் வாளிக்குள் விட்டு போனில் நேரம் பார்த்தேன். வாளி நிறைய 70 விநாடி. மணிக்கு 514 லீற்றர்! பெட்டி சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு.

காரணம் இரண்டு. பெட்டியில் போடுகிற லீற்றர், பம்ப் உயரமே ஏறாமல் தள்ளுகிற கணக்கு. ஏற ஏறக் குறைந்து, சொன்ன உச்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது. எனக்குச் சம்பின் நீர்மட்டத்தில் இருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை நாலடிக்குக் கிட்ட. அதோடு ஒடுங்கின குழாயும் எல்போக்களும் தங்கள் பங்குக்குத் தின்றன. இரண்டாவது காரணத்தை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. மின்மாற்றி வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. இந்த மாதிரி ஏசி பம்பின் சுழற்சி ஹேர்ட்ஸோடு கட்டுப்பட்டது, ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தூக்கும் உயரம் அதன் வர்க்கத்தில் குறையும். 8 அடி ஐந்தரை அடியாகிவிட்டது. நாலடிக்கு ஏற்றிப் போட்டு எல்போவுக்கும் கொடுத்தால் மிச்சம் என்ன வரும்?

அந்தக் கோபத்தில் நேரே போய் 4000 லீற்றர் பம்ப் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். உங்கள் கடைக்காரர் சொல்கிற வழிதான். தண்ணீரைச் சம்புக்கு இறக்குகிற ஓவர்ஃப்ளோக் குழாய் ஒரு இஞ்சி, அது இறக்குகிறதைவிட வேகமாகப் பம்ப் ஏற்றியது. தொட்டி விளிம்புக்கு வந்ததும் பதறி வால்வைத் திருகிச் சமாளித்தேன். திருகுவதானால் பம்புக்குப் பிறகு வருகிற பக்கத்தில்தான், உறிஞ்சுகிற பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

உண்மையான வினை மூன்றாம் நாள் இரவு கரண்ட் போனபோது வந்தது. மேலே தண்ணீர் விடுகிற வாயை நீர்மட்டத்துக்கு அரை அடி கீழே வைத்திருந்தேன். பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திரும்ப இழுத்தது. 120க்கு 45க்கு 15, ஏறக்குறைய 80 லீற்றர் கீழே வந்தது. சம்பில் இருந்த வெற்றிடம் 30. மிச்சம் வீட்டு ஹோலுக்குள்.

இருட்டில் தண்ணீர் குடிக்க எழும்பின அம்மாவின் காலில் உப்புத்தண்ணீர் பட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "எழும்புங்கோ, கடல் வந்திட்டுது, எழும்புங்கோ" என்றுதான் கத்தினார். 2004 மார்கழியைக் கண்ட வீடு எங்களுடையது. டோர்ச் அடித்துத் தொட்டியைக் காட்டின பிறகும் அவர் உள்ளே வரவில்லை. விடியும்வரை கேற்றடியில் கதிரை போட்டு இருந்தார்.

அதனால் தயவுசெய்து: வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல வையுங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் காற்றை இழுத்து நின்றுவிடும். காற்று இழுக்கட்டும் என்று குழாயில் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. பாசியும் நத்தையும் அதை அடைத்துவிடும், ஒருவழி வால்வுக்கும் அதே கதிதான். தொட்டி நிறைந்து ஓடும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுச் சம்பைப் பாருங்கள். வழியாவிட்டால்தான் அன்றிரவு படுங்கள்.

பம்ப் எது? 250 லீற்றர் தொட்டிக்கு உங்கள் உயரத்தில் மணிக்கு 1000 முதல் 1250 லீற்றர் கிடைத்தால் தாராளம். பெட்டியில் இருக்கும் வளைகோட்டு வரைபடத்தில் உங்கள் உயரத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள், வரைபடமே இல்லாத பம்பை விடுங்கள். பவளத்துக்கு அலை வேண்டும்தான், ஆனால் அதைத் தொட்டிக்குள் வைக்கிற வேவ்மேக்கர் தரும். சம்ப் பம்பில் அதைத் தேடவேண்டாம். தோட்டப் பம்ப் மலிவு என்று வாங்கினால் உள்ளே பித்தளை இருக்கலாம். பித்தளையில் இருக்கிற செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். தண்ணீருக்குள் வைக்கிற பம்ப் தின்கிற வாட் பெரும்பாலும் சூடாகத் தண்ணீருக்குள்ளேதான் போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இங்கே அந்தச் சூட்டையும் சேர்த்துத் தாங்க முடியாது.

நான் இப்போது ஓட்டுவது 24 வோல்ற் டிசி பம்ப், 40 வாட். அதன் அடாப்டரில் 100-240 என்று இருக்கிறது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பற்றரியிலும் ஓடும், ஆனால் ஓட்டாதீர்கள். 12 வோல்ற், 7 ஆம்ப் பற்றரி இரண்டைத் தொடுத்தால் கணக்குக்கே நாலு மணித்தியாலம்தான் வரும். அதே பற்றரியில் 10 வாட் வேவ்மேக்கரை மேல்பரப்பைக் கலக்குகிற மாதிரி விட்டால் இரவு முழுக்க மீனுக்கு மூச்சு கிடைக்கும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் படித்த பாடம். இங்கே திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டின 99 எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் நிற்கின்றன. அந்த ஊர்க்காரன் நான், ஜெனரேற்றருக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் கேட்டு வெயிலில் நின்று, பிளாஸ்டிக் கானுக்குத் தரமாட்டோம் என்று கேட்டுத் திரும்பி வந்தேன். பம்பைக் கேட்டால் பெற்றோலைப் பற்றி அழுகிறான் என்பீர்கள். அழத்தான் செய்வேன்.

இன்னொன்று, பவளத்தைப் புறாமலையில் பிடுங்கினாயா என்று யாராவது வருவார்கள். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா ஆக்கின, பவளப்பாறை சூழ்ந்த தீவு அது. செத்த துண்டுகூட எடுத்ததில்லை. என்னிடம் இருப்பது இரண்டு கோமாளி மீனும் கூட்டாளி தன் தொட்டியில் வளர்த்துப் பிரித்துத் தந்த மென்பவளமும்.

மாமாவின் பம்ப் முற்றத்துத் தாமரைத் தொட்டியில் ஒரு அடி உயரத்துக்குப் பீய்ச்சுகிறது. வீடியோ கோலில் "பம்ப் ஓடுதா?" என்று கேட்டால் அதைத்தான் காட்டுகிறேன். உங்கள் இரண்டு நீர்மட்டத்துக்கும் இடையிலான உயரம், ஓவர்ஃப்ளோக் குழாயின் அளவு, எத்தனை எல்போ என்று கீழே போடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த 5000ஐ வாங்காதீர்கள்.