பத்தாம் பிரிவும் பஞ்சமி நிலமும்

அன்புள்ள ஐயா,

சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடம் செய்து பார்க்கிறேன், எதுவும் மனதில் ஒட்டவில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. யாரோ விற்று யாரோ வாங்குவதை நான் ஏன் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த உரைநூல் வாங்கலாம்? ஆங்கிலமும் தடுமாறுகிறது.

க.

அன்புள்ள க.,

உரைநூல் இப்போது வேண்டாம், உரையில்லாமல் சட்டம் மட்டும் அச்சிட்ட பேர் ஆக்ட் போதும். ஆங்கிலம் படிக்கப் படிக்க வந்துவிடும். ஆனால் ‘ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது, நான் ஏன் படிக்க வேண்டும்’ என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நிலம் இருப்பவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளக் காசும் இருக்கிறது. சட்டம் தெரியாமல் நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் தம்பி இதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

நான் ஜூனியராக இருந்தபோது மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா எங்கள் சீனியரிடம் வந்தார். மஞ்சள் பையில் மாமனார் காலத்துப் பட்டா, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. கடனுக்காக எப்போதோ கைமாறிய நிலம். “விக்கக் கூடாதுன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துதே, அப்புறம் எப்படி சார் விக்க முடிஞ்சுது?” என்று கேட்டார்.

செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கையையொட்டி 1892இல் வந்த அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அரசு வழங்கிய பஞ்சமி நிலம் அது. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை.

வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவை எடுத்து நீட்டினார். நீங்களும் எடுத்துப் பாருங்கள். சொத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ‘இதை நீ என்றைக்கும் விற்கக் கூடாது’ என்று அடியோடு தடுத்தால் அந்த நிபந்தனை செல்லாது. அப்பா மகனுக்கு செட்டில்மென்ட் எழுதும்போது அப்படி ஒரு வரி சேர்த்தால், வரி போகும், சொத்து மகனிடம் நிற்கும். அதே கணக்கில் பஞ்சமி நில நிபந்தனையும் போச்சு என்பது அவர் வாதம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்!

எங்கள் சீனியர் 1895ஆம் ஆண்டு அரசு மானியச் சட்டத்தைக் காட்டினார். அரசு வழங்கிய நிலத்துக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வராது, மானியத்தில், அதாவது நிலத்தை வழங்கிய ஆணையில், என்ன எழுதியிருக்கிறதோ அதுவே செல்லும் என்றது அது. மகனுக்கு அப்பா போட்டால் செல்லாத நிபந்தனை, சர்க்கார் போட்டபோது செல்லுபடியானது. நீங்கள் மனப்பாடம் செய்கிற பத்தாம் பிரிவில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒரு சட்டத்தைப் படிக்கும்போது அது எதற்குப் பொருந்தாது என்றும் கேட்டுப் பழகுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் எத்தனை குடும்பங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்துப் போயின! 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்குப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. உங்கள் வகுப்பில் இதைச் சொன்னார்களா?

உங்கள் குடும்பத்துக்கு நிலமே இருந்ததில்லையா, இருந்து போனதா என்று எழுதவில்லை. தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். பிறகு தாலுகா ஆபீசில் சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதிய பழைய ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் திட்டத்துக்கு முந்தையது வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பெரியம்மாவின் சர்வே எண்ணுக்கு நேரே இருந்த நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டில் இல்லை. கிடையாது என்று திருப்பி அனுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.