வாசகர் கேள்வி பதில்: தலைமேசையில் அமைச்சர், மேடையில் பகிடி

கேள்வி: எங்கள் ஊடகவியலாளர் வட்டத்தின் வருடாந்த இராப்போசனத்தில் அரசியல் பகிடிப் போட்டி வைக்கிறோம். 5 பேர், ஆளுக்கு 8 நிமிடம். நடுவர் மூவரில் நானும் ஒருத்தி. கைதட்டலைப் பார்த்துப் புள்ளி போட்டால் சரிதானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இப்படியான விருந்தில் சபை சிரிக்கமுன் தலைமேசையைத் திரும்பிப் பார்க்கும். அமைச்சர் சிரித்தால்தான் மற்றவர்களும் வாய் திறப்பார்கள். வொஷிங்டனில் வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்கத்தின் விருந்து 1921இல் தொடங்கியது. 2006இல் அங்கே நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர்ட், ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷை அருகில் வைத்துக்கொண்டே, புகழ்வதுபோல் புகழ்ந்து வாரினார். மண்டபத்தில் சிரிப்பு அடங்கியே கேட்டது. பிறகு அதை இணையத்தில் பார்த்து ரசித்தவர்கள் ஏராளம்.

100 புள்ளியில் 40ஐப் பகிடியின் சரக்குக்கு ஒதுக்குங்கள். உண்மையாக நடந்த ஒன்றின்மேல் நிற்கிறதா, அதிகாரத்தில் இருப்பவரின் செயலைத் தொடுகிறதா என்று பாருங்கள். சொற்கட்டுக்கு 25, சொல்லும் விதத்துக்கு 20, துணிவுக்கு 15. விருந்து வைக்கும் ஊடகக்காரரையும் ஓரிடத்திலாவது தொடாதவருக்கு அந்த 15ஐ முழுதாகக் கொடுக்க வேண்டாம். 8 நிமிடத்தைத் தாண்டினால் ஒவ்வொரு 30 விநாடிக்கும் 2 புள்ளி வெட்டுங்கள்.

சொற்கட்டில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அதை வைத்து ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: ‘டோர்ச் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, மின்வெட்டே கிடையாது என்று அமைச்சர் அறிவித்தார்.’ சிரிப்பு வராது. டோர்ச் முதலே வெளியே வந்துவிட்டது. ‘மின்வெட்டே கிடையாது என்று அமைச்சர் அறிவித்தார், டோர்ச் வெளிச்சத்தில்’ என்றால் வெடிக்கும். வழக்கமான தமிழ் வசனம் வினைச்சொல்லில் முடிவதால், வெடிக்கவேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வந்து புதைந்துபோகிறது. அதைப் பிடுங்கிக் கடைசியில் நடத் தெரிந்தவருக்குத்தான் அந்த 25. ஆனால் 2022இன் பகிடியை இன்றைய செய்தி எதனோடும் முடிச்சுப் போடாமல் அப்படியே கொண்டுவந்தால், சரக்கில் குறையுங்கள்.

மண்டபத்தையும் கவனியுங்கள். புரியாணி பரிமாறும் நேரத்தில் மேடையேறுபவர் பாவம், கரண்டிச் சத்தமே அவரை விழுங்கிவிடும். 5 பேரும் முடிந்த பிறகு சாப்பாட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் பேசுபவருக்குச் சபை சூடேறியிருக்காது; போட்டியில் இல்லாத ஒருவரை 3 நிமிடம் பேசவிட்டுத் தொடங்குங்கள். சிங்கள நண்பர்களும் இருந்தால் தமிழ்ச் சிலேடைக்கு அரைவாசி மண்டபம் பேசாமல்தான் இருக்கும், அதற்காகப் பேசியவரைத் தண்டிக்கக்கூடாது. நடுவர் மேசை தலைமேசைக்குப் பக்கத்தில் வேண்டாம், மண்டபத்தின் நடுப்பகுதியில் ஓரமாக இருக்கட்டும். ஒவ்வொருவர் இறங்கியதும் மூவரும் தனித்தனியே புள்ளியை எழுதி மடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒருவரின் தோற்றத்தை இழுத்தால் உடனே புள்ளி வெட்டலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தோற்றத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள், குற்றச்சாட்டு மிஞ்சுகிறதா? அதே வொஷிங்டன் விருந்தில் 2018இல் நகைச்சுவையாளர் மிஷெல் வூல்ஃப், வெள்ளை மாளிகைப் பேச்சாளர் சாரா சான்டர்ஸ் உண்மைகளை எரித்து அந்தச் சாம்பலைக் கண்ணுக்குப் பூசுகிறார் என்ற கருத்தில் பேசினார். தோற்றத்தைக் கேலி செய்தார் என்று பெரிய சண்டை. கண்பூச்சை எடுத்துவிடுங்கள்: பொய் சொல்கிறார் என்ற குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். அது அரசியல் பகிடிதான். ட்ரம்ப்பால் இலாபம் பார்க்கிறீர்கள் என்று எதிரே இருந்த ஊடகங்களையும் அவர் விடவில்லை. அடுத்த வருடம் சங்கம் நகைச்சுவையாளரை விட்டு, வரலாற்றாசிரியர் ரொன் சேர்னோவை அழைத்தது.

சொல்லை எடுத்தபின் ஒன்றுமே மிஞ்சவில்லை, வெறும் குண்டு, கறுப்பு, திக்குவாய்தான் என்றால் அந்தப் பகிடிக்குப் பூச்சியம். சாதிக்கும், அரசியலில் இல்லாத மனைவி பிள்ளைகளுக்கும் இதே கணக்கு.

கேள்வி: பேசுபவருக்குச் சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: அரசியலைவிட மதத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 2023 மே மாதம் இலங்கையில் ஒரு நகைச்சுவைக் கலைஞர், பௌத்தத்தை அவமதித்தார் என்ற முறைப்பாட்டில், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின்கீழ் கைதானார். ஜூலையில்தான் பிணை கிடைத்தது. மண்டபத்தில் சொன்ன பகிடியின் 20 விநாடித் துண்டு தொலைபேசியில் பரவும்போது முன்பின் வசனங்கள் கூடப் போகாது. ஆகவே முழு நிகழ்ச்சியையும் ஏற்பாட்டாளரே ஒளிப்பதிவு செய்து, ஒரு பிரதியைப் பேசியவரிடமும் கொடுத்துவிடுங்கள்.