நிக்கலும் ஸ்டெயின்லெஸ்ஸும்: கைத்துப்பாக்கி மெருகு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் மாமனார் விட்டுச்சென்ற ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ரிவால்வர் வெள்ளிபோல் மின்னுகிறது. அது நிக்கல் முலாமா, ஸ்டெயின்லெஸ் எஃகா?

உருளையைத் திறந்து, அறைகள் அனைத்தும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். திறந்த நிலையிலேயே, உருளையைத் தாங்கும் கை வந்து பொருந்தும் இடத்தில் மாதிரி எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 629, 686 என 6இல் தொடங்கும் மூன்றிலக்க எண் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ்ஸைக் குறிக்கும். அவற்றின் கார்பன் எஃகு இணைகளான 29, 586 வெள்ளிபோல் மின்னினால் அது முலாம்தான். 1965இல் வெளிவந்த 60ஆம் மாதிரியும் பின்னர் வந்த 64, 66 போன்றவையும் இரண்டிலக்க எண் கொண்டவையானாலும் ஸ்டெயின்லெஸ்ஸே. 642 போன்ற எடை குறைந்த மாதிரிகளின் உடற்சட்டம் அலுமினியம் என்பதால், அதில் மெருகுப் பசையையே தொட வேண்டாம்.

எண் இல்லாத பழைய துப்பாக்கியாயின் நிறத்தைப் பாருங்கள்: நிக்கலில் இளமஞ்சள் சாயல் தெரியும், ஸ்டெயின்லெஸ் சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோதிப்பதுபோல் காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. துப்பாக்கிக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் பெரும்பாலானவற்றைக் காந்தம் ஈர்க்கும்.

கேள்வி: பித்தளைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் நிக்கல் முலாமைத் துடைக்கலாமா?

கூடாது. அத்தகைய திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. முலாமிடுவோர் சிலர் நிக்கலுக்கு அடியில் செம்பு அடுக்கு ஒன்றை இடுவதுண்டு. மேலே ஊசிமுனை அளவு ஓட்டையோ கீறலோ இருந்தாலும் அம்மோனியா அதன் வழியே இறங்கிச் செம்பைக் கரைத்துவிடும், நிக்கல் பிடிப்பிழந்து செதில் செதிலாக எழும்பும். குழலுக்குள் படியும் செம்பை நீக்கும் கரைப்பான்களாலும் இதே ஆபத்து உண்டு. என்னிடம் வந்த ஒரு ரிவால்வரில் குழல் வாயைச் சுற்றி மட்டும் முலாம் உரிந்திருந்தது, மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் இருந்தது. செம்பு அடுக்கு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், அம்மோனியா இல்லாத கரைப்பானையே பயன்படுத்தி, வெளியே வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். லேசாக மங்கிய முலாமுக்கு, நிக்கலுக்கு ஏற்ற மென்மையான மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் கடுகளவு எடுத்து, விரலால் மட்டும் தேய்த்தால் போதும். மின்விசைச் சக்கரம் வேண்டவே வேண்டாம், ஏனெனில் விளிம்புகளில் முலாம் முதலில் தேய்ந்துவிடும்.

கேள்வி: உருளையின் முன்முகத்தில் கரிய வளையங்கள் போகவே மாட்டேன் என்கின்றன.

அவை வெடிமருந்துக் கரியும் ஈயமும் சேர்ந்து படிந்தவை. ஸ்டெயின்லெஸ்ஸில், கரைப்பானில் சிறிது நேரம் ஊறவிட்டு நைலான் தூரிகையால் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். ஈயம் நீக்கும் துணி மிச்சத்தையும் எடுத்துவிடும். ஆனால் அந்தத் துணியில் தேய்க்கும் துகள் இருக்கிறது, ஆகவே நிக்கலில் ஒவ்வொரு முறையும் முலாமைச் சிறிது தின்னும். கேட்டால் நான் அப்படியே விட்டுவிடச் சொல்வேன்: அடுத்த முறை ஆறு தோட்டாக்களைச் சுட்டதும் வளையம் திரும்ப வந்துவிடும், அதனால் சுடும் திறனும் குறைவதில்லை. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தாலே ஒரு எஃகு ஸ்டெயின்லெஸ் எனப்படுகிறது, துருவே பிடிக்காது என்று அதற்குப் பொருளில்லை. வியர்வையின் உப்பும் ஈரமும் நாள்கணக்கில் தங்கினால் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். தோல் உறையில் நீண்டநாள் வைத்திருப்பதே இதற்கு வழக்கமான காரணம். சாதாரண எஃகு நாரால் தேய்த்தால் அதன் துணுக்குகள் பரப்பில் பதிந்து, பின்னர் அவையே துருவாகும். எண்ணெய் தடவி நைலான் தூரிகையைப் பயன்படுத்துங்கள். ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரியும் இழையோடிய மெருகில் கீறல் விழுந்திருந்தால், மென்மையான உராய்வுத் திண்டை அந்த இழை ஓடும் திசையிலேயே, எழுத்துப் பொறிப்புகளை விட்டு விலகி, இழுக்கலாம்.

கேள்வி: கோல்ட் (Colt) நிறுவனத்தின் பழைய ரிவால்வரில் நிக்கல் உரிந்திருக்கிறது. புதிதாக முலாம் பூசலாமா?

சேகரிப்பு மதிப்புள்ளதாயின் வேண்டாம். உரிந்த அசல் முலாமுக்குக் கிடைக்கும் விலை பளபளக்கும் மறுமுலாமுக்குக் கிடைப்பதில்லை. துரு பரவாமல் எண்ணெய் பூசி, தோல் உறையிலிருந்து எடுத்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.