நடவு முடிந்ததும் காலில் அரிப்பு: நத்தைதான் காரணமா?

கேள்வி: நடவு வேலைக்குப் போகிறேன். வயலில் இறங்கிய அன்று இரவே முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடித்து, தூங்க விடாமல் அரிக்கிறது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் அதிகம். வயலில் நத்தை நிறைய. நத்தைப் புழு உடம்புக்குள் ஏறி ஈரலைத் தின்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அக்கா சொன்னதில் பாதி சரி. நத்தையிலிருந்து வந்த புழு உங்கள் தோலுக்குள் ஏறியிருக்கலாம். ஆனால் ஈரலுக்குப் போகாது, தோலிலேயே செத்துவிடும். அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டைதான் இந்த அரிப்பு. ஒரு தடவை பழகிவிட்ட உடம்பு அடுத்த தடவை இன்னும் கடுமையாகச் சண்டை போடும். இந்த வருஷம் அதிகமாக அரிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கயிற்றைச் சுருட்டி வைத்தது போலத் தட்டையாக ஒரு நத்தையை வயலிலும் குளத்திலும் பார்த்திருப்பீர்கள். இண்டோபிளானார்பிஸ் என்று பெயர். இதில் சிலவற்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் வைத்தால், புழு உள்ள நத்தையிலிருந்து தூசி போல ஏதோ வெளியே வந்து துள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது ஒரே கூட்டம் இல்லை என்று தெரியும். சிலவற்றுக்கு வால் கவட்டை போலப் பிளந்திருக்கும், சிலவற்றுக்குக் கழுத்தைச் சுற்றி முள், சிலவற்றுக்கு வாயில் ஊசி. எல்லாமே தட்டைப்புழுக் குஞ்சுகள். ஒன்று பறவைக்குப் போக வேண்டியது, ஒன்று தவளைக்கு, ஒன்று மாட்டுக்கு. நேராக நம் தோலைத் துளைத்து ஏறுவது கவட்டை வால் உள்ளவற்றில் ஒரு பிரிவு மட்டும்தான். மாட்டையோ வாத்தையோ தேடி நீந்தும்போது குறுக்கே உங்கள் கால் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். நத்தையைத் தொட்டதால் வருவதில்லை, தண்ணீரில் நின்றதால் வருகிறது. உங்களிடமிருந்து வீட்டில் யாருக்கும் தொற்றாது.

மனிதனுக்குள்ளேயே குடியிருக்கும் ரத்தப் புழு ஆப்பிரிக்காவில் பெரிய பிரச்சினை. இந்தியாவில் அது 1952இல் மகாராஷ்டிராவின் கிம்வி கிராமத்தில் பதிவானது. தஞ்சாவூர் வயல் அரிப்புக்கு அந்தப் பயம் வேண்டாம். பூச்சி மாத்திரையும் வேண்டாம்.

கரையேறியதும் காலை ஈரத்தோடு காயவிடாமல் துணியால் அழுத்தித் துடையுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பூட்ஸ் போடுங்கள் என்று எழுதலாம். நடவுச் சேற்றில் பூட்ஸோடு நடந்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அரிப்புக்குக் காலமைன் லோஷன், குளிர்ந்த துணி ஒத்தடம். இரவில் தூக்கம் கெட்டால் செட்ரிசின் ஒன்று. கர்ப்பமாக இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ கேட்டுவிட்டுப் போடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சொறிந்து சீழ் வைத்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். விரலிடுக்கில் மட்டும் வெள்ளையாக ஊறிப் புண்ணாகியிருந்தால் அது சேற்றுப்புண், அதற்கு வைத்தியம் வேறு. வயல் வேலைக்குப் பின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், வீட்டில் மாடு இருக்கிறதா? அந்தத் தட்டை நத்தை வளர்க்கும் புழுக்களில் ஒன்று மாட்டின் மூக்கு ரத்தக்குழாயில் வாழும். ஸ்கிஸ்டோசோமா நேசேல் என்று 1933இல் அதற்குப் பெயர் வைத்தவர் ராவ் என்ற ஆராய்ச்சியாளர். மூக்கில் சதை வளர்ந்து மாடு குறட்டை விடும். தண்ணீர் குடிக்கக் குளத்தில் மூக்கை வைக்கும்போது சளியோடு முட்டையும் இறங்கி, அடுத்த நத்தைக்குப் போய்விடும். உங்கள் அரிப்பு தானாக ஆறும், மாட்டுக்கு ஆறாது. குறட்டைச் சத்தம் கேட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.