டீசல் வேனுக்குப் புது பேட்டரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் டீசல் வேனில் இருந்த 70 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி போய்விட்டது. அதே இடத்தில் 80 அல்லது 95 ஏஎச் போடலாமா? பெரிய பேட்டரி போட்டால் செல்ஃப் மோட்டார் எரிந்துவிடும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தாங்காது என்கிறார்களே?

பதில்: தாராளமாகப் போடலாம், இடம் இருந்தால். செல்ஃப் மோட்டார் தனக்கு வேண்டிய கரண்ட்டை மட்டும்தான் இழுக்கும். பேட்டரி பெரியது என்பதற்காக அதிகம் உள்ளே போய்விடாது. மோட்டாரைச் சூடாக்கிக் கெடுப்பது நோஞ்சான் பேட்டரிதான். வோல்டேஜ் விழுந்து மோட்டார் திணறும்போது சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் நேரம் நீள்கிறது, பிரஷ்ஷும் காயிலும் வேகின்றன. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை ரெகுலேட்டர் கட்டுப்படுத்துகிறது. பெரிய பேட்டரி முழுதாக ஏறக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது பெட்டியின் அளவு. ஐரோப்பிய பாணியில் வழக்கமான எல் வரிசைப் பெட்டிகள் 175 மில்லிமீட்டர் அகலம், 190 உயரம், நீளம்தான் மாறும். எல்3 என்பது 278, எல்4 என்பது 315, எல்5 என்பது 353 மில்லிமீட்டர். 70 ஏஎச் பெரும்பாலும் எல்3, 80 எல்4, 95 எல்5. தட்டில் நீள இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு மேலே போங்கள். ஜப்பானிய பாணி டி31 பெட்டி 306 நீளம், 173 அகலம் என்பதால் எல்4 தட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் டெர்மினல் வரை அதன் உயரம் சுமார் 225. சீட்டுக்கு அடியிலோ போனட்டுக்கு அடியிலோ அந்த 35 மில்லிமீட்டர் பாசிட்டிவ் டெர்மினலைத் தகரத்தில் கொண்டுபோய் முட்டும். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் போதும், தீப்பிடிக்கும்.

அடுத்தது டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. இரண்டு டெர்மினலும் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்து, பாசிட்டிவ் வலமா இடமா என்று பழையதில் பாருங்கள். புதியதும் அப்படியே இருக்க வேண்டும். லேபிளில் உள்ள எல், ஆர் எழுத்துகளை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பக்கம் மாறினால் கேபிள் எட்டாது, எட்டினாலும் இழுபட்டு நிற்கும். தவறி மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் ஒரே நொடியில் போகும். டெர்மினல் தடிமனும் இரண்டு வகை. தடித்த வகையில் பாசிட்டிவ் 19.5, நெகட்டிவ் 17.9 மில்லிமீட்டர், மெல்லிய ஜப்பானிய வகையில் 14.7, 13. மெல்லியதன் மேல் தடித்த கிளாம்ப்பை மாட்டித் தகடு சொருகி இறுக்குவது டீசல் வண்டிக்கு ஆகாது. செல்ஃப் அடிக்கும்போது பாய்கிற 250, 300 ஆம்பியர் அந்தத் தளர்ந்த இடத்தையே பொசுக்கும்.

பேட்டரியைப் பிடித்திருப்பது அடிவிளிம்புக் கட்டையா, மேலே போகும் பட்டையா என்பதையும் பாருங்கள். அடிவிளிம்பு இல்லாத பெட்டியை அந்தக் கட்டை பிடிக்காது. டீசல் இன்ஜின் அதிர்வில் ஆடிக்கொண்டே இருக்கும் பேட்டரியில் தகடுகளிலிருந்து பொருள் உதிர்ந்து அடியில் சேரும். அது மேலே வந்து தகடுகளைத் தொட்டதும் அந்த செல் செத்துவிடும்.

கேள்வி: ஒரே 80 ஏஎச் பேட்டரிகள் இரண்டில் ஒன்றில் 395 ஆம்பியர், இன்னொன்றில் 640 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் எப்படி?

பதில்: இது குளிரில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய பேட்டரி தரக்கூடிய ஆம்பியர். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள அளவுமுறையைப் படியுங்கள். 395-க்குப் பக்கத்தில் டிஐஎன் (ஜெர்மன் முறை) என்றும் 640-க்குப் பக்கத்தில் ஈஎன் (ஐரோப்பிய முறை) என்றும் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம்தான். டிஐஎன், ஈஎன், எஸ்ஏஇ (அமெரிக்க முறை) மூன்றிலும் சோதனை மைனஸ் 18 டிகிரியில்தான் நடக்கிறது. ஈஎன் முறை 10 நொடி கழித்து 7.5 வோல்ட் நின்றால் போதும் என்கிறது. எஸ்ஏஇ 30 நொடி கழித்து 7.2 வோல்ட் கேட்கிறது. பழைய டிஐஎன் 30 நொடி கழித்தும் 9 வோல்ட் கேட்பதால் அதன் எண் சிறியதாக வருகிறது. டிஐஎன் எண்ணை 1.6-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஈஎன் எண் கிடைக்கும். சிஏ, எம்சிஏ என்று மட்டும் போட்டிருந்தால் அது 0 டிகிரியில் எடுத்தது. பார்க்கப் பெரிதாக இருக்கும், அதை மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது.

டீசலுக்கு வாங்கும்போது ஏஎச் எண்ணைவிட இந்தக் குளிர்-ஸ்டார்ட் ஆம்பியர்தான் முக்கியம். 80 ஏஎச் என்பது 4 ஆம்பியராக 20 மணி நேரம் மெல்ல எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதன் கணக்கு. செல்ஃப் அப்படியா எடுக்கிறது? 16 மடங்கு, 18 மடங்கு காற்றை அமுக்கும் இன்ஜினைச் சுற்ற வேண்டும், அதற்குச் சற்று முன்பு இன்ஜினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்குகள் வேறு பல பத்து ஆம்பியர் குடித்திருக்கும். 2 லிட்டரிலிருந்து 2.5 லிட்டர் வரையுள்ள வேன்களுக்கு ஈஎன் 640 முதல் 800 வரை வழக்கம். வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே போகாதீர்கள், மேலே எவ்வளவு போனாலும் கெடுதல் இல்லை.

கேள்வி: வெப்பமான ஊர்களில் குளிர் ஆம்பியருக்கு என்ன வேலை?

பதில்: குளிரில் தேவை அதிகம், உண்மை. ஆனால் வெயில்தான் பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் உள்ளே அரிப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கையிருப்பு அதிகமுள்ள பேட்டரி தேய்ந்த பிறகும் இன்ஜினைச் சுற்றும். வாங்கும் நாளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், சூடான அலமாரியில் 6 மாதம் கிடந்ததை எடுக்காதீர்கள். மீட்டர் வைத்தால் சாதா பேட்டரி 12.5-க்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

கேள்வி: காலையில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். அதுதான் கெட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: இந்தச் சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் உதவிக்கு ஒருவரும் போதும். செய்யாமல் பேட்டரி வாங்காதீர்கள்; நல்ல பேட்டரியைக் குப்பையில் போட்டுவிட்டு, கெட்ட எர்த் கேபிளோடு ஓடிக்கொண்டிருக்கும் வேன்கள் ஏராளம்.

வண்டி இரவு முழுக்க நின்றபின் டெர்மினலில் பாருங்கள். 12.6 முதல் 12.7 என்றால் சார்ஜ் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) வகைக்கு முழு சார்ஜில் 12.8-க்கு மேல் காட்டும். 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை. மற்ற நிலைகளில் முதலில் முழுதாக சார்ஜ் போட்டு, சில மணி நேரம் ஓய வைத்து, பிறகுதான் சோதிக்க வேண்டும். காலி பேட்டரியைச் சோதித்துக் கெட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இப்போது மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது என்று கொள்ளலாம், செல்ஃப் மோட்டார் இறுகியிருந்தாலொழிய. 10.5-க்கு மேல் நின்றும் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் பேட்டரி மேல் பழியில்லை, கரண்ட் வழியில் எங்கோ தேங்குகிறது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவ் தூணின் ஈயத்திலேயே குத்துங்கள், கிளாம்ப்பில் வேண்டாம். மற்றதை இன்ஜின் உடம்பில் சுத்தமான இடத்தில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை அரித்திருக்கிறது. பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே 0.5 வரை பொறுக்கலாம்.

காமன் ரெயில் இன்ஜினில், அதாவது டீசலை அதிக அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி வைக்கும் இன்ஜினில், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் ரெயிலில் அழுத்தம் ஏறாது, இன்ஜின் கணினியான ஈசியூ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்காது. செல்ஃப் சுற்றுகிறதே, டீசல்தான் வரவில்லை என்று பம்பைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் சரி. புதிய வேன்களில் கணினி கட்டுப்பாட்டு ஆல்டர்னேட்டர் 12.5-க்கும் 15-க்கும் இடையே ஏறி இறங்கும். ஒரு தடவை பார்த்துவிட்டுக் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வேன். ஏஜிஎம் விலை அதிகம். சாதா பேட்டரி போட்டால்?

பதில்: வேண்டாம். அந்த வண்டிகளில் பேட்டரி திரும்பத் திரும்பப் பாதி காலியாகிப் பாதி நிறைந்தே வாழ்கிறது. சாதா தகடுகள் அதைச் சீக்கிரமே தாங்காமல் போகும். கம்பெனியில் ஈஎஃப்பி (சாதா பேட்டரியின் வலுவூட்டிய வகை) வந்திருந்தால் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம், ஏஜிஎம் வந்திருந்தால் ஏஜிஎம் மட்டும். ஒரு விஷயம்: ஏஜிஎம் சூட்டை விரும்பாது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் பேட்டரி இருக்கும் வண்டிக்கு ஈஎஃப்பி வந்திருந்தால் அதையே தொடருங்கள்.

நெகட்டிவ் கிளாம்ப்பில் சிறிய சென்சார் இருந்தால் அது பேட்டரியின் வயதை வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். புது பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிய வேண்டிய வண்டியில் அதைச் செய்யாவிட்டால், பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பையும் பேட்டரியில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள், அப்போதுதான் சென்சார் கணக்கு சரியாக வரும்.

கேள்வி: புது பேட்டரி. மூன்று வாரம் நிறுத்தினால் டவுன் ஆகிவிடுகிறது.

பதில்: எங்கோ கசிவு. நின்ற வண்டி 50 மில்லிஆம்பியருக்குள் குடிக்க வேண்டும். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். 200 மில்லிஆம்பியர் என்றால் மூன்று வாரத்தில் 100 ஏஎச், எந்தப் பேட்டரியும் காலி. கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி மூடியதாக நம்பவைத்து, சாவியைத் தூரத்தில் வைத்து, கணினிகள் தூங்க ஒரு மணி நேரம் விட்டு அளவெடுங்கள். பியூஸைப் பிடுங்கினால் கணினிகள் விழித்துக்கொள்ளும். அதைவிட ஒவ்வொரு பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட் பாருங்கள். எதில் 0 காட்டவில்லையோ அந்த வழியில் கரண்ட் ஓடுகிறது. பின்னால் மாட்டிய டிராக்கர், கேமரா, ஆம்ப்ளிஃபயர் இவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

கேள்வி: வேன் பின்னால் குளிர்பெட்டியும் விளக்கும் வைக்கிறேன். ஒரே பெரிய பேட்டரி போதுமா?

பதில்: போதாது. ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடு மெல்லியது. சில தடவை அடிமட்டம் வரை காலியானாலே தளர்ந்துவிடும். அந்த வேலைக்கு, ஆழமாகக் காலியாகி மீண்டும் நிறைவதைத் தாங்கும் தனி டீப் சைக்கிள் பேட்டரி வையுங்கள். கணினி கட்டுப்பாட்டு ஆல்டர்னேட்டர் என்றால் இரண்டு பேட்டரியையும் இணைக்க வெறும் ரிலே ஒத்துவராது, ஏறி இறங்கும் வோல்டேஜைச் சரிசெய்து தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

கேள்வி: நானே மாற்றும்போது என்ன வரிசை?

பதில்: சாவியை எடுத்துச் சில நிமிடம் பொறுங்கள். புகையைச் சுத்தப்படுத்த யூரியா திரவம் ஊற்றும் வேனில், அணைத்த பிறகும் அந்தத் திரவத்தின் பம்ப் குழாயைக் காலி செய்துகொண்டிருக்கும். பாதியில் மின்சாரம் போனால் அது உள்ளேயே உறைந்து உப்பாகும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். அப்போதுதான் பாசிட்டிவில் ஸ்பேனர் வழுக்கிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருந்தால் வாயுக் குழாயைப் புதியதில் மாட்டி, எதிர்ப்பக்கத் துளையை மூடியால் அடையுங்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியேதான் போக வேண்டும். கிளாம்ப் கையால் திருகினால் அசையாத அளவு இறுகினால் போதும், சுத்தியால் தட்டி இறக்கினால் தூணின் அடி விரிசல் விடும். வாசலினை இறுக்கிய பிறகு மேலே பூசுங்கள். இரண்டு பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் வண்டி என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்; ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது பின்தங்கி, புதியது அதிகமாக சார்ஜ் ஆகும்.